கத்திரி வெயிலும் மாடித்தோட்டமும்

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிடும். அப்போ மாடித்தோட்டத்துல தண்ணி குறைஞ்சு சாகிற செடியும் உண்டு, தண்ணி அதிகமாகி வேர் அழுகிச் சாகிற செடியும் உண்டு. மதியம் வெண்டை இலை துவண்டா பதறி ஊத்தாதீங்க. வேர் உறிஞ்சுறதைவிட வேகமா இலை நீரை ஆவியாக்குது. மண்ணுல ஈரம் இருந்தா சாயங்காலம் நிமிர்ந்துடும்.

நான் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பார்ப்பேன். காய்ஞ்சிருந்தா ஊத்துவேன். ஈரம் இருந்தும் காலையில செடி துவண்டே நின்னா வேர்லதான் பிரச்சினை, தண்ணியை நிறுத்திடுவேன். தொட்டி மண்மேல காய்ந்த இலைகளை மூடாக்கா போடுவேன். தக்காளிக்கு நிழல்வலை கட்டுவேன். 35 டிகிரிக்கு மேல போனா பூ உதிரும். மல்லிகைக்கு வலை வேண்டாம். வெயிலடிச்சாதான் அது பூத்துக் குலுங்கும்.