4,379 ஓட்டும் நாலரை லட்சம் பேரும்

“இந்த வாட்டி போலிங் ஜாஸ்தி அண்ணாச்சி, கண்டிப்பா ஆட்சி மாறும்.” தேர்தல் அன்று சாயங்காலம் விருதுநகர்ப் பக்கம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்த ஜோசியம் காதில் விழும். கூட்டம் கூடினால் கோபத்தில் வந்திருக்கிறார்கள், குறைந்தால் திருப்தியாக வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்பது இதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கில்தான் உதைக்கிறது.

1977-ல் நாடு முழுக்க வாக்குப்பதிவு 55 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, இந்திரா காந்தி தோற்றார். சரி. 1984-ல் இன்னும் ஏறி 64-ஐத் தொட்டது. ஆண்டுகொண்டிருந்த காங்கிரஸ் 400-க்கு மேல் இடங்களோடு வந்தது. 2004-ல் 60-லிருந்து 58-க்கு இறங்கியது, வாஜ்பாய் ஆட்சி போனது. 2019-ல் அதுவரை இல்லாத அளவுக்கு 67 சதவீதம், ஆண்ட கட்சியே முன்பைவிடக் கூடுதல் இடங்களோடு திரும்பியது.

நம் தொகுதியிலேயே பார்க்கலாம். விருதுநகர் மக்களவைத் தொகுதி மறுசீரமைப்பில் பிறந்தது, முதல் தேர்தல் 2009. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டையோடு மதுரை மாவட்டத்துத் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் இதில் சேர்த்தி. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் தென்காசிக்குப் போய்விட்டன (இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்). இங்கே வாக்குப்பதிவு 2009-ல் சுமார் 77 சதவீதம், பிறகு 75, 72, 2024-ல் 70. ஒரே சீராக இறங்கியிருக்கிறது. வித்தியாசம் அப்படியா வந்தது? 2009-ல் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் வைகோவை 15,764 ஓட்டில் ஜெயித்தார். 2014-ல் அ.தி.மு.க.வின் ராதாகிருஷ்ணன் சுமார் 1.45 லட்சம் வித்தியாசத்தில். 2019-ல் மறுபடி தாகூர், 1.54 லட்சம். 2024-ல் அதே தாகூர், வெறும் 4,379.

அந்த 4,379-ல் கொஞ்சம் நிற்போம். ஓட்டு எண்ணிய ஜூன் 4 அன்று தாகூரும் தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனும் மாறி மாறி முன்னிலை வந்தார்கள். முடிவில் இவருக்கு 3,85,256, அவருக்கு 3,80,877. தொகுதியில் வாக்காளர் ஏறக்குறைய 15 லட்சம் பேர். 30 சதவீதம் வரவில்லை என்றால் நாலரை லட்சம் பேர் வரவில்லை. ஜெயித்தவர் வாங்கிய ஓட்டைவிட வராதவர்கள் கூட்டம் பெரிது! வித்தியாசத்தைச் சாவடிக்குச் சாவடி பிரித்துப் பாருங்கள். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்று தாராளமாக வைத்தாலும் ஆயிரம் சாவடி. சாவடிக்கு நாலு பேர், மிஞ்சினால் ஐந்து. ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

அப்படியானால் அந்த நாலு பேர் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? அவர்கள் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்கு இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் சொன்னால் எந்தச் சரக்கு ஓடியது என்று முதலாளிக்குத் தெரியாது. வராத நாலரை லட்சமும் வந்தவர்களைப் போலவே பிரிந்து போட்டிருந்தால் தாகூரின் வித்தியாசம் கூடியிருக்குமே தவிர முடிவு மாறாது. வராதவர்கள் வந்தவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்தால்தான், அதுவும் போட்டி நெருக்கமாக இருந்தால்தான், வராமை முடிவைத் தொடும். பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமார் இங்கே 1.66 லட்சத்துக்கு மேல் வாங்கினார். எதிரணி ஓட்டு இரண்டாகப் பிரிந்தது வாக்குப்பதிவைவிடப் பல மடங்கு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதே 2024-ல் தருமபுரியில் 81 சதவீதம், மத்திய சென்னையில் 54. இரண்டையும் தி.மு.க.தான் ஜெயித்தது. 81 போட்ட ஊருக்கும் ஒரு எம்.பி., 54 போட்ட ஊருக்கும் ஒரு எம்.பி. மொத்தமாக வாக்குப்பதிவு கூடினாலும் இடம் ஒன்றுகூட ஏறாது. 543 தனித்தனிப் பந்தயங்களில் எது நெருக்கமோ அங்கே மட்டும்தான் வராதவர்கள் கனமாவார்கள்.

யார் வராதவர்கள்? சிவகாசி வட்டாரத்தில் இதைக் கூலியிலிருந்து தொடங்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்காரருக்கும் ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஆனால் பட்டாசுக் குழாய் சுருட்டுகிற, திரி வைக்கிற பெண்ணுக்கு நாள் சம்பளம் ஏது? எத்தனை முடித்தாரோ அத்தனைக்குக் காசு. அன்று வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைத் தர வேண்டும் என்கிறது சட்டம். அதை எந்த நாளை வைத்து எண்ணுவது? வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவருக்கு முதலாளி யார், ஏஜென்டா, ஆலையா? திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பையன்கள் நிலை இன்னும் மோசம். பெயர் ஊரில், ஆள் அங்கே. தபால் ஓட்டு அவர்களுக்கில்லை. பஸ் செலவும் இரண்டு நாள் கூலியும் போனால்தான் ஓட்டு. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முடிவையே புரட்டிய கதையும் இதே ஊரில்தான் நடந்தது. 1967-ல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல். விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். மாநிலத்தில் மக்களவைக்கான வாக்குப்பதிவு 1962-ல் இருந்த 69 சதவீதத்திலிருந்து 76-க்கு மேல் ஏறியிருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்களும் அரிசிக்கு அலைந்த குடும்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்த காலம் அது. அந்தக் கூடுதல் கூட்டம் பழைய கூட்டத்தின் நகல் இல்லை. டெல்லியிலும் காங்கிரஸ் 283 இடங்களுக்குச் சுருங்கியது.

கடைசியாக ஒன்று, அண்ணாச்சி. சதவீதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். நாம் மேலே உள்ளதை மட்டும் பேசுகிறோம். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டு வாக்காளர் 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகக் குறைந்தார்கள். சுமார் 97 லட்சம் பெயர்கள் போயின. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொல்லப்பட்டது. உயிரோடு ஊரில் இருப்பவர் பெயர் தவறிப் போயிருந்தால், மனுக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளாதவரை அவர் வராதவர் கணக்கில்கூட இருக்க மாட்டார். பழைய பட்டியலில் 70 சதவீதம் என்றால் 4.49 கோடிப் பேர். அதே 4.49 கோடிப் பேர் வரைவுப் பட்டியலை வைத்து ஓட்டுப் போட்டால் டிவியில் 82 சதவீதத்துக்கு மேல் ஓடும். முன்பைவிட ஒரு ஆள்கூடக் கூடுதலாகச் சாவடிக்கு வந்திருக்க மாட்டார்.