சாபம் அல்ல, மரபணு



பாட்டி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பின்பு அத்தைக்கும் அதே நோய். இப்போது நாற்பது வயதுகூட ஆகாத பேத்திக்கும் வந்துவிட்டது. "அந்த வீட்டுக்கு ஏதோ சாபம்" என்கிறது ஊர். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்களும் கேட்டார்கள். ஆண்டவர் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. நாமும் ஏற்கக் கூடாது.

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு பரம்பரையாக வருவது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களில் உள்ள பழுது இதற்கு முக்கியக் காரணம். அது தாய்வழியாக மட்டுமல்ல, தந்தைவழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் ஆபத்து பலமடங்கு கூடுகிறது. இரத்தப் பரிசோதனையில் இதை முன்பே அறிந்தவர்கள், இளவயதிலிருந்தே தொடர் பரிசோதனை செய்து தங்களைக் காத்துக்கொள்ளலாம்.

இந்த மரபணுக்கள் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததால் சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் செலவானது. இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கோர முடியாது என்று 2013 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் விலை குறைந்தது. ஆயினும் ஏழைகளுக்குப் பணம், தூரம், அறியாமை, அச்சம் ஆகியவை இன்றும் தடைகளே.

நாம் என்ன செய்யலாம்? குடும்பத்தில் யாருக்கேனும் ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோயோ, ஆணுக்கு மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கு ஆலோசனை உண்டு. முதலில் நோயுற்றவரைச் சோதிப்பதே முறை. அவரிடம் பழுது தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் குறைந்த செலவில் பார்த்துவிடலாம். பயணச் செலவுக்கும் துணைக்கும் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் முன்வரலாம்.

மகளின் திருமணம் தடைபடும் என்று பல பெற்றோர் நோயை மறைக்கிறார்கள். அவர்கள் அச்சம் பொய்யல்ல. ஆகவே நமக்குக் கடமை இரண்டு: வீட்டுக்குள், அந்த மகளிடம் உண்மையைச் சொல்வது, வீட்டுக்கு வெளியே, பெண் பார்க்க வருபவர்கள் விசாரிக்கும்போது, பங்குத்தந்தையர் உட்பட நாம் அனைவரும் அடுத்தவர் நோயைப் பேசாதிருப்பது. ஊர் வாயை அடக்கினால்தான் வீடு வாய் திறக்கும்.