ஞானப்பல்லும் ஸ்டீராய்டு மருந்தும்

ஞானப்பல்லை எடுத்துக்கொண்டவர் மூன்றாம் நாளில் கன்னம் வீங்கி, வாயைத் திறக்கமாட்டாமல், கஞ்சியையும் சிரமத்துடன் உறிஞ்சிக் குடிக்கும் காட்சி நமது நேயர்களுக்குப் புதியதன்று. இவ்வுபத்திரவத்தைத் தணிக்கும் பொருட்டுத் தந்த வைத்தியர்கள் ஸ்டீராய்டு மருந்தைக் கையாளுவதைப் பற்றி ஜனங்களிடையே இரு விபரீத அபிப்பிராயங்கள் உலவுகின்றன. அது விஷமென்று அஞ்சுவோர் ஒரு சாரார்; சஞ்சீவியென்று மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்குவோர் மற்றொரு சாரார். இரு கட்சியும் பிழையென்பதே நமது துணிபு.

1948-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையில் டாக்டர் ஹெஞ்ச் என்பார், கீல்வாதத்தால் நடக்கமாட்டாது வருந்திய ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் ஊசி போடுவித்தார். சில தினங்களுக்குள் அம்மாது எழுந்து நடமாடினார். 1950-ல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இவ்வினத்து மருந்தை மாதக்கணக்கில் உண்டோரின் முகம் ஊதியதும், எலும்பு நைந்ததும், நோயெதிர்க்கும் சக்தி குன்றியதும் சீக்கிரத்திலேயே வெளியாயின. ஸ்டீராய்டுக்கு ஏற்பட்ட அபகீர்த்தியின் மூலம் இதுவே.

பல் விஷயமோ வேறு. தாடையெலும்பைக் குடைந்து பல்லை எடுக்குங்கால், காயம்பட்ட திசுக்களில் பிறக்கும் சில ரசாயனப் பொருள்கள் இரத்தக் குழாய்களினின்று நீரைக் கசியச் செய்து வீக்கத்தை உண்டாக்குகின்றன. 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்தை அடைகிறது. டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு அப்பொருள்கள் பிறக்கும் வழியையே அடைக்கிறது. ஆதலால் வெள்ளம் வந்தபின் அணை கோலுவதினும், ரண சிகிச்சைக்குச் சற்று முன்னரோ, முடிந்த உடனேயோ கொடுத்தலே நலம். சாதாரணமாக 4 முதல் 8 மில்லிகிராம் ஒரே வேளை போதும். அதன் வேலை ஒன்றரை தினத்துக்குக் குறையாமல் நிற்கும். வீக்கமும் வாய் திறவாமையும் இதனால் குறைவது சோதனைகளில் கண்ட உண்மை. நோவைப் பற்றி அவ்வளவு உறுதி கூறுதற்கில்லை. அதற்குத் தனி மருந்து வேண்டும்.

ஒரு வேளை மருந்தால் எலும்பு உருகிவிடாது. ஆயினும் நீரிழிவுடையோருக்கு அவ்வொரு வேளையே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடக்கூடும். குடற்புண், க்ஷயம் முதலியன உடையோரும் முன்னரே வைத்தியரிடம் ஒளியாது சொல்லவேண்டும். 2020-ல் பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் பலரது உயிரைக் காத்ததும் இதே டெக்ஸாமெதசோன்தான். 2021-ல் நமது தேசத்தில் ஸ்டீராய்டை அளவும் காலமுமின்றி உட்கொண்ட நீரிழிவு நோயாளிகள் பலர் கரும்பூஞ்சை நோய்க்குக் கண்ணையும் தாடையையும் பறிகொடுத்தனர். வைத்தியர் சீட்டின்றி இதை விற்றலாகாதென்பது சட்டம். சட்டம் ஏட்டில் இருக்க, மாத்திரை கடையில் கேட்டவர் கைக்கெல்லாம் போவதை அதிகாரிகள் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பார்களோ, அறியோம்!

சிகிச்சை முடிந்து நான்கைந்து நாளான பின்னும் வீக்கம் வற்றாமல் வளர்ந்து, காய்ச்சலும் வாயில் துர்நாற்றமும் கண்டால் அது சீழின் குறி. அப்பொழுது மீந்த மாத்திரையைத் தேடுவோர், நோயின் அடையாளத்தை மறைத்து நோயை வளர்ப்பவராவர். அன்றே வைத்தியரிடம் சென்று காயத்தைக் காட்டவேண்டும்.