ஒரே நிலநடுக்கம், ஊருக்கு ஊர் வேறு அதிர்வு

2001 ஜனவரி 26, குடியரசு தினம். காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. புஜ், பச்சாவ், அஞ்சார் ஆகிய ஊர்கள் சிதைந்தன. 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. ஆனால், அந்நகரின் பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலநடுக்கத்தின் அளவான 7.7 என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. அதைச் சொல்வது நில அதிர்வு வரைபடம்.

அளவு வேறு, தீவிரம் வேறு

பூமிக்கடியில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதைக் குறிப்பது நிலநடுக்கத்தின் அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் அளவுதான். ஓர் இடத்தில் நிலம் எவ்வளவு ஆடியது என்பதைக் குறிப்பது தீவிரம். இது இடத்துக்கு இடம் மாறும். திருத்தப்பட்ட மெர்க்கலி அளவுகோல் இதை 1 முதல் 12 வரை தரம் பிரிக்கிறது. 1 என்றால் அநேகமாக யாருக்கும் தெரியாது. 6 என்றால் எல்லோரும் உணர்வார்கள், சுவர்ப்பூச்சு உதிரலாம். 8 என்றால் சாதாரணக் கட்டடங்கள் பலத்த சேதமடையும்.

நிலநடுக்க மையத்திலிருந்து விலக விலக அதிர்வு குறையும். ஆனால், காலடியில் இருக்கும் மண் அந்தக் கணக்கை மாற்றிவிடும். பாறையில் விரைந்து வரும் அலை, இளகிய வண்டல் மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து வீச்சு கூடும். மெதுவாக ஊசலாடும் அலைகள் நெடுந்தூரம் செல்லக்கூடியவை. உயரமான கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் மெதுவானதே. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். சபர்மதி ஆற்றின் வண்டல்மேல் அமைந்த அகமதாபாத்தில், கட்டுமானக் குறைகளோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

வரைபடம் உருவாகும் விதம்

1994-ல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 'ஷேக்மேப்' என்ற முறையை உருவாக்கியது. பல இடங்களில் நிறுவப்பட்ட முடுக்கமானிகள் நிலத்தின் ஆட்டத்தை உடனுக்குடன் அனுப்புகின்றன. கருவி இல்லாத இடங்களுக்கு, நிலநடுக்கத்தின் அளவு, தூரம், மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு கணினி மதிப்பிடுகிறது. சில நிமிடங்களில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடம் தயாராகிவிடும். மீட்புப் படையை முதலில் எங்கே அனுப்புவது, எந்தப் பாலத்தை முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்க இது உதவும். ஏனென்றால், தொலைபேசி இணைப்பு அறுந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் ஊர்தான் பல நேரங்களில் அதிகம் பாதிக்கப்பட்ட ஊர்.

நாளிதழ்களே கருவியானபோது

புஜ் நிலநடுக்கத்தின்போது மையத்துக்கு அருகே இத்தகைய முடுக்கமானிப் பதிவு கிடைக்கவில்லை. அகமதாபாத்தின் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் இருந்த கருவிதான் முக்கியமான பதிவைத் தந்தது. எனவே, நிலநடுக்கவியலாளர் சூசன் ஹஃப் உள்ளிட்டோர் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி, அவற்றில் இருந்த விவரங்களிலிருந்து ஊர் ஊராகத் தீவிரத்தைக் கணித்து வரைபடம் தயாரித்தார்கள்.

ஆனால், செய்தியாளர் இடிந்த வீட்டைத்தான் தேடிப் போவார். விரிசல்கூட விழாத தெருவைப் பற்றி எழுத மாட்டார். பின்னர், கள ஆய்வில் கிடைத்த மதிப்புகளோடு ஒப்பிட்டபோது, செய்திகளை வைத்துக் கணித்த தீவிரம் உண்மையைவிடக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இந்தச் சாய்வை அளந்து 2007-ல் தனி ஆய்வுக் கட்டுரையே வெளியானது.

செய்திகளை மட்டும் நம்பாமல், இன்று பொதுமக்களிடம் நேரடியாகவே கேட்கிறார்கள். அமெரிக்க ஆய்வு மையத்தின் இணையப் படிவத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் நிரப்பலாம். 'அதிர்வை உணர்ந்தீர்களா' என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. பாத்திரம் உருண்டதா, நடக்கத் தடுமாறினீர்களா என்று அது மேலும் விசாரிக்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் பதிவு செய்யலாம். அதிர்வு எங்கே முடிந்தது என்ற எல்லைக்கோட்டை வரைய அந்தப் பதிலும் தேவை.