காபிக் கொட்டையை வீட்டிலேயே வறுக்கலாமா?

ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் "என்ன கொண்டு வரட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் "ஒரு கிலோ காபிப் பொடி" என்பதுதான். பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே அது பத்திரமாக வந்து சேர்கிறது. முதல் வாரம் வீடே மணக்கிறது. மாதக் கடைசியில் அதே பொடியில் கசப்பு மட்டும் மிஞ்சுகிறது. காரணம் எளியது. வறுத்த கொட்டையின் மணம் இரண்டு மூன்று வாரங்கள் நிற்கும். அரைத்துவிட்டால் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். வறுக்காத பச்சைக் கொட்டையோ, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கெடாமல் இருக்கும்.

அப்படியானால் பச்சைக் கொட்டையை வாங்கி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்துக் கொண்டால் என்ன? இது புதிய யோசனை அல்ல. நம் பாட்டிமார் காலத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கரி அடுப்பின் மேல் இரும்பு உருளையைச் சுற்றிச் சுற்றிக் காபிக் கொட்டை வறுத்தார்கள். சுவரிலோ மேசையிலோ பொருத்திய கை மிஷினில் அரைத்தார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் கோப்பிக் கொட்டையுடன் மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்துச் சேர்த்து உரலில் இடித்துக் கொள்ளும் வழக்கம் உண்டு.

ஆரோக்கியப் பகுதியில் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் வறுத்தால் காபி மருந்தாகிவிடாது. ஆனால் நம் டம்ளருக்குள் என்ன கொட்டை, எவ்வளவு சிக்கரி, எவ்வளவு காஃபின் போகிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும். இரத்த அழுத்தம், கொழுப்பு, இரத்த சோகை என்று ஏதாவது ஒன்று இல்லாத வீடு இன்று குறைவு. அந்த வீடுகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

எந்தக் கொட்டை?

காபியில் முக்கியமாக இரண்டு வகை. அராபிகா மணம் மிகுந்தது. எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின். ரொபஸ்டா கசப்பும் கெட்டித்தன்மையும் மிகுந்தது. காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு, சுமார் 2.2 சதவீதம். நம் ஊர்க் கடைகளில் 'பிளாண்டேஷன் ஏ' என்று கேட்டு வாங்குவது அராபிகா. 'ரொபஸ்டா செர்ரி' என்றால் பெயரிலேயே தெரியும். 'பீபெரி' என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. இரண்டு வகையிலும் உண்டு.

குடகு, சிக்மகளூர், ஏற்காடு, நீலகிரிக் கொட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எத்தியோப்பியா, கொலம்பியா, சுமத்ராவின் பச்சைக் கொட்டை இன்று வெளிநாடுகளில் எளிதாகக் கிடைக்கிறது. முதலில் அரைக் கிலோ மட்டும் வாங்கிப் பழகுங்கள்.

வறுக்கும் முறை

தேவையானவை: அடி கனமான இரும்பு வாணலி, நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டி, உலோகச் சல்லடை அல்லது கண்வடிதட்டு இரண்டு.

1. வாணலியை மிதமான தீயில் சூடாக்கி, 100 முதல் 150 கிராம் கொட்டை போடுங்கள். அதற்கு மேல் போட்டால் பாதி கருகும், பாதி வேகாது.

2. கை நிறுத்தாமல் கிளறுங்கள். நான்கைந்து நிமிடத்தில் பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். அப்போது காபி வாசனை வராது. வைக்கோல் வாசனைதான் வரும். பயப்பட வேண்டாம்.

3. பிறகு பழுப்பாகும். ஏறக்குறைய எட்டு முதல் பத்து நிமிடத்தில் சோளம் பொரிவது போலப் 'பட் பட்' என்று வெடிக்கும். இது முதல் வெடிப்பு. கொட்டையின் சூடு அப்போது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். மெல்லிய தோல் உரிந்து பறக்கும்.

4. முதல் வெடிப்பு அடங்கியபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்கும். இது இரண்டாம் வெடிப்பு. சூடு ஏறக்குறைய 225 டிகிரி. பில்டர் காபிக்கு இந்தச் சத்தம் தொடங்கும் தறுவாயில் இறக்குவது சரியான பதம். எண்ணெய் கசிந்து மினுமினுத்தால் பதம் தாண்டுகிறது என்று பொருள்.

5. அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. தன் சூட்டிலேயே கொட்டை மேலும் வறுபடும். உடனே சல்லடையில் கொட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஆற்றுங்கள். தோலும் பறந்துவிடும்.

6. நன்றாக ஆறியபின் மூடியைச் சற்றே தளர்த்திய பாத்திரத்தில் ஒரு நாள் வையுங்கள். புதிதாக வறுத்த கொட்டை கரியமில வாயுவை வெளிவிடும். மறுநாள் அரைத்தால் டிகாக்ஷன் சீராக இறங்கும்.

100 கிராம் பச்சைக் கொட்டை வறுத்தபின் சுமார் 85 கிராம் நிற்கும். ஈரம் போன கணக்கு அது. சூடான காற்றில் சோளம் பொரிக்கும் மின்கருவி வீட்டில் இருந்தால், பக்கவாட்டில் காற்று வரும் வகையாகப் பார்த்து அதிலும் சிறிது சிறிதாக வறுக்கலாம்.

புகை விஷயத்தில் கவனம்

ஊரில் முற்றமும் கொல்லையும் இருந்தன. இங்கே நாம் அடுக்குமாடியில் இருக்கிறோம். பல வீடுகளில் அடுப்புக்கு மேல் உள்ள விசிறி, புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறது. உங்கள் வீட்டில் எப்படி என்று முதலில் பாருங்கள். முடிந்தால், அனுமதி உள்ள இடத்தில், மின் அடுப்பை வெளியே வைத்து வறுப்பது நல்லது. உள்ளே என்றால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

• புகை எச்சரிக்கைக் கருவி அலறுகிறதே என்று அதன் பேட்டரியைக் கழற்ற வேண்டாம். கழற்றியவர்கள் திரும்பப் பொருத்த மறந்துவிடுவது வழக்கம்.
• ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் வறுக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.
• நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம். அதிகச் சூட்டில் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்கும் கெடுதி. கூண்டில் கிளி, குருவி வளர்த்தால் அவற்றின் உயிருக்கே ஆபத்து.
• வீட்டுக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும்.
• கொட்டை தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். வறுத்து முடியும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள்.

சிக்கரி எவ்வளவு?

இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபின் கிடையாது. ஆகவே காஃபினைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது ஓரளவு உதவும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாவுச்சத்துள்ள உணவைக் கடும் சூட்டில் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று 2002ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். காபியிலும் சிக்கரியிலும் இது உண்டு. 2017ல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த அளவுகோலில் வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரிக்கு 4000. சிக்கரியில் எவ்வளவு கூடுதல் என்பதற்கு இதுவே சாட்சி. அதற்காகப் பதற வேண்டாம். நூற்றுக்கு இருபது என்ற அளவில் நிறுத்திக் கொள்ளுங்கள். வீட்டில் அரைப்பவர்களுக்கு அது கையில் இருக்கிறது.

காபியில் அக்ரிலமைடு வறுக்கத் தொடங்கியதும் ஏறி, நிறம் கூடக் கூடக் குறைகிறது. ஆனால் உடலுக்கு நல்லது என்று சொல்லப்படும் குளோரோஜெனிக் அமிலமும் அப்படியே குறைகிறது. நடுத்தரப் பதமே இரண்டுக்கும் பொது.

டம்ளரில் கவனிக்க வேண்டியவை

காஃபின்: நலமுள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை என்பது பொதுவான வரம்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் பொடி, அதில் 20 சதவீதம் சிக்கரி என்று வைத்துக் கொள்வோம். மிச்சம் 16 கிராம் காபி. அராபிகா என்றால் அதிலுள்ள காஃபின் சுமார் 190 மி.கி.; ரொபஸ்டா என்றால் சுமார் 350. டம்ளர் எண்ணிக்கை ஒன்றேதான். கொட்டை மாறினால் கணக்கே மாறுகிறது. காஃபினில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் வராதவர்கள் மாலைக் காபியை முதலில் சந்தேகப்படுங்கள்.

கொழுப்பு: காபி எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பைக் கூட்டும். காபிக்கும் இரத்தக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு 1983ல் நார்வேயில் டிரோம்சோ நகர ஆய்வில் தெரிய வந்தது. காகித வடிகட்டி இதைப் பெருமளவு பிடித்துக் கொள்ளும். நம் பித்தளை, எவர்சில்வர் பில்டர் அந்த அளவு பிடிக்காது. கொழுப்பு கூடுதலாக உள்ளவர்கள் இறங்கிய டிகாக்ஷனைக் காகித வடிகட்டியில் இன்னொரு முறை வடித்துக் குடிக்கலாம்.

இரும்புச் சத்து: சாப்பாட்டோடும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் குடிக்கும் காபி, உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்தால் இந்தத் தொல்லை இல்லை. சைவ உணவுக்காரர்களும் இரத்த சோகை உள்ள பெண்களும் டிபன் முடித்த கையோடு காபி குடிக்கும் வழக்கத்தை மாற்றிக் கொள்வது மிக நல்லது.

மாத்திரை: தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது, அதன் வேலை குறைந்துவிடும். தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும்.

சர்க்கரை: டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 8 கிராம். மூன்று டம்ளருக்கு 24. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன 'நாளுக்குச் சுமார் 25 கிராம்' என்ற சிறந்த அளவு காபியிலேயே தீர்ந்துவிடுகிறது. புதிதாக வறுத்த காபியில் இயல்பாகவே மெல்லிய இனிப்பு தெரியும். அரைத் தேக்கரண்டி குறைத்துப் பாருங்கள், தெரியாது.

சூடு: 2016ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, காபி புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்றது. டபராவில் ஆற்றிக் குடிப்பது நுரைக்காக மட்டும் அல்ல!

இரத்த அழுத்தம், படபடப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிக்கவும். மற்றவர்கள் வரும் சனிக்கிழமை காலை 100 கிராம் கொட்டையோடு தொடங்கலாம். முதல் தடவை நிறம் ஒரே சீராக வராது. மூன்றாவது தடவைக்குள் காது பழகிவிடும். கொட்டையின் பெயர், வறுத்த தேதி, சிக்கரி அளவு மூன்றையும் டப்பாவின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் "ஒரு நாளைக்கு எவ்வளவு காபி?" என்று கேட்கும்போது, டம்ளர் கணக்கோடு மில்லிகிராம் கணக்கையும் சொல்லலாம்.