இரு தலைக் கட்டை

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தில்லியில் ஜும்மா மசூதிக்கு அருகே பழைய சாமான்கள் விற்கும் தெருவொன்றில் அந்தக் கட்டை என் கண்ணிற்பட்டது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. இரு முனைகளும் பருத்து, நடுவிடம் கைப்பிடி அளவாகச் சிறுத்து, உடுக்கையை இழுத்து நீட்டினாற் போன்ற வடிவம். கடைந்தெடுத்த கனமான மரம். இன்னதென்று விற்றவருக்கே தெரியவில்லை. 150 ரூபாய் கேட்டார். 100 ரூபாய்க்குக் கொடுத்தார்.

வீட்டில் ஆளுக்கொரு பெயரிட்டனர். பையன் அதைத் தேகப்பயிற்சிக் கட்டை என்று காலையும் மாலையும் தூக்கத் தொடங்கினான். இணையில்லாமல் ஒற்றைக் கட்டையை எவர் செய்வார் என்று அவன் எண்ணவில்லை. கயிறு சுற்றிவைக்கும் கட்டை என்பது என் கட்சி. என் தாயாரோ, "ஏண்டா, ஒரு தலையை அறுத்துப்போட்டால் கீரை கடைய நல்ல மத்தாகுமே!" என்றார். தச்சருக்கும் சொல்லியனுப்பிவிட்டோம். அவர் வரத் தாமதமானது நாங்கள் செய்த நல்வினை.

அந்த இடைவேளையில்தான் கட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பழங்கருவி ஒன்றை இனங்காண விரும்புவோர் அதன் வடிவத்தைவிடத் தேய்மானத்தையே முதலில் நோக்கவேண்டும் என்பது என் துணிபு. நடுப்பகுதி உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. முனைகள் இரண்டிலும் இடித்த வடுவே இல்லை; ஆகவே அது உலக்கையுமன்று, கொட்டாப்புளியுமன்று. ஆனால் ஒரு தலையின் உட்புற விளிம்பில் மட்டும் சணற்கயிற்றின் பருமனில் பள்ளங்கள் விழுந்திருந்தன. ஏதோ ஒன்று அங்கே ஆயிரமாயிரம் முறை உரசியிருக்கவேண்டும்.

விடை கிடைத்தது ரஜாய்க் கடையில். குளிர் தொடங்குமுன் ரஜாயின் பழம் பஞ்சைக் கொட்டுவித்து மீண்டும் நிரப்புவது தில்லிவாழ் நம்மவர் யாவரும் அறிந்த வேலைதானே! எங்கள் பேட்டைக் கடைக்காரர் முதியவர். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டையைக் கண்டதும், "முட்டியா!" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டார். முஷ்டியை நாமும் முட்டி என்கிறோமல்லவா? அச்சொல்லின் உறவுதான் இது.

பஞ்சு கொட்டும் வில்லின் துணைக்கருவி அது. வில்லுக்கு இந்தியில் துன்கி என்று பெயர். ஏறக்குறைய ஆளுயரம், ஒரு முனையில் அகன்ற பலகை, நாண், ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தாந்த். இடக்கையால் வில்லைத் தாங்கி, நாணைப் பஞ்சுக் குவியலிற் படியவைத்து, வலக்கையிலுள்ள முட்டியாவின் விளிம்பால் அதை இழுத்துத் தெறிப்பார்கள். நாண் அதிர்கையில் அதில் ஒட்டிய பஞ்சு இழையிழையாகப் பிரிந்து பறக்கும். விதைத்துணுக்கும் மண்ணும் கீழே உதிரும். நான் கண்ட பள்ளங்கள் நாண் உரசியவை. "ஒரு தலை தேய்ந்தால் மறு தலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வோம், சாஹப்" என்றார் முதியவர்.

எங்கள் வீட்டில் எவருக்கும் இது தெரியாமற்போனதில் வியப்பில்லை. ஊரில் எங்கள் மெத்தைகள் இலவம்பஞ்சால் ஆனவை. அவ்விழை நூற்க வராது; கோல்கொண்டு அடித்துக் கொட்டையை நீக்கினால் மெத்தைக்குப் போதும். பருத்தியை நூற்கவோ ரஜாயில் சீராகப் பரப்பவோ வேண்டுமானால்தான் வில்லின் தேவை. காந்தியடிகளே இதனால் இடர்ப்பட்டவர். 1917-இல் புரோச்சில் அவர் சந்தித்த கங்காபென், பிற்பாடு இராட்டையைத் தேடிக்கண்டார். ஆயினும் நூற்பதற்குப் பஞ்சுப் பட்டை வேண்டுமே! அம்மையார் பஞ்சு கொட்டுபவர் ஒருவரைத் தேடிப்பிடிக்க, அவர் மாதம் 35 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டாராம். அப்பொழுது எந்த விலையும் தமக்கு அதிகமாகத் தோன்றவில்லை என்று அடிகள் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

வடநாட்டில் இத்தொழில் மரபினர் பலர் மன்சூரி என்று பெயர் வைத்துக்கொள்வர். 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்ட ஞானி மன்சூர் அல் ஹல்லாஜின் நினைவு அது. ஹல்லாஜ் என்னும் அரபுச் சொல்லுக்கே பஞ்சு கொட்டுபவர் என்பது பொருள்.

முதியவரின் தந்தை வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாணைத் தெறித்தபடியே தெருத்தெருவாகச் செல்வாராம். அவ்வோசை கேட்டே பெண்கள் பஞ்சு மூட்டையோடு வாசலுக்கு வருவார்களாம். இப்பொழுது கடையில் மின்சாரப் பொறி ஓடுகிறது. அதைப் பழிக்க நான் ஒருப்படேன். பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்து, இருமி இருமியே தம் தந்தை மாண்டார் என்று சொன்னவரும் அம்முதியவரே.

ஆயினும் வில்லை அவர் விற்கவில்லை, சுவரில் மாட்டியிருந்தார். முட்டியாதான் எப்பொழுதோ காணாமற்போயிருந்தது. பொறியை நிறுத்தச் சொல்லி வில்லை இறக்கி, என் ரஜாய்ப் பஞ்சில் ஒரு பிடியை வைத்து நாணைத் தெறித்தார். 'துன், துன்' என்று கடை முழுதும் அதிர்ந்தது. வேலையாட்களான இளைஞர் இருவர் அதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்களாம்.

"என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்டு, 100 ரூபாயை எடுத்து நீட்டினார். "வேண்டாம், சாச்சா" என்று கட்டையை அங்கேயே விட்டுவந்தேன். தாயாருக்கு வேறு மத்து வாங்கிக் கொடுத்தாயிற்று. பையன்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.