ஒரே வெயிலில் இரண்டு வேலை

சுவரில் அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனிலும் கலக்கிற வெண்பொடி, டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. பெயின்டில் சும்மா கிடக்கும் இந்தப் பொடியை நானோ அளவுக்கு நுணுக்கிச் சாயத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால், சாயம் சிதையத் தொடங்கும். பொடி தான் செலவாகாமல் ஒளியின் துணையோடு வேதிவினையை நடத்திவைக்கிறது. அதனால்தான் இதற்கு ஒளிவினையூக்கி என்று பெயர்.

1972இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே டைட்டானியம் டை ஆக்சைடை மின்வாயாக வைத்து, ஒளியைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்ததை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வெயிலில் இருந்தே எரிபொருள் எடுக்கலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வேகம் பிடித்தது.

பொடிக்குள் நடப்பது இதுதான். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தைவிட்டு மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தைத் துளை என்கிறார்கள். எலெக்ட்ரான் பிற பொருள்களுக்குத் தன்னைக் கொடுக்கத் துடிக்கும். துளை பிறவற்றிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கத் துடிக்கும். மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் புறப்படும் டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்தால் அந்த இருக்கை எத்தனை நேரம் காலியாக இருக்கும்? அதே கதைதான் இங்கும். எழுந்த எலெக்ட்ரான் கண்ணிமைப்பதற்குள் துளையிலேயே திரும்பி விழுந்துவிடுகிறது. விழுங்கிய ஒளியில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகிப் போகிறது. இந்தத் துறையின் பெரிய தலைவலி இது. இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும், பிரிந்த இரண்டுக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

1966இல் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம்தான் இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம். நாகமலை அருகே பல்கலை நகரில் உள்ள அதன் வேதியியல் துறையில் ஆர். ராமராஜும் ஏ. பாண்டிக்குமாரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடோடு தங்க நானோ துகள்களைச் சேர்த்து, சிலிகேட் படலத்தில் பதித்தார்கள். தாவிய எலெக்ட்ரானைத் தங்கம் வாங்கி வைத்துக்கொள்ளும். துளை தனித்து நிற்கும். படலத்தில் பதிந்திருப்பதால் பொடியைத் தண்ணீரிலிருந்து வடிகட்டி எடுக்கும் பாடும் இல்லை.

2012இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு அழுக்குகளை ஒரே கரைசலில் வைத்தார்கள். ஒன்று ஆறு இணைதிற குரோமியம். புற்றுநோய் தரும் நஞ்சு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்தக் குரோமியத்தால்தான். மற்றொன்று மெத்திலீன் புளூ சாயம். எலெக்ட்ரான்கள் குரோமியத்துக்குப் போயின. ஓர் அணு மூன்று எலெக்ட்ரான்களை வாங்கி, நச்சுக் குறைந்த மூன்று இணைதிற வடிவமாக மாறியது. இந்த வடிவத்தைச் சுண்ணாம்பு சேர்த்து வண்டலாகப் படிய வைத்துவிடலாம். துளைகளோ சாயத்தைச் சிதைக்கும் வேலையில் இறங்கின. ஒன்றின் தேவை மற்றொன்றுக்கு உதவியாகிவிட்டது.

இத்தகைய சோதனைகளில் விளக்கைப் போடும் முன் கலவையை முதலில் இருட்டில் கலக்குவார்கள். வினையூக்கியின் மேல் சாயம் வெறுமனே ஒட்டிக்கொள்வதையும் சிதைவு என்று கணக்கிட்டுவிடக் கூடாதல்லவா? ஒட்டுவது நின்ற பிறகுதான் ஒளி. பின்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, மெத்திலீன் புளூ உறிஞ்சும் 664 நானோமீட்டர் சிவப்பொளி எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று நிறமாலைமானியில் பார்ப்பார்கள். வினையூக்கி இல்லாமல் ஒளியை மட்டும் காட்டி ஒரு சோதனையும் உண்டு. இந்த மூன்றும் இல்லாத முடிவை நம்ப முடியாது.

ஆய்வகத்தைத் தாண்டினால் வேறு சிக்கல்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட 387 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளி வேண்டும். மதுரை வெயில் எவ்வளவு சுட்டெரித்தாலும் அதில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். அதனால் 2.7 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள கார்பன் நைட்ரைடு போன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உண்ணும் பொருள்களைத் தேடுகிறார்கள். சாயப்பட்டறைக் கழிவில் உப்பும் சோப்பும் கலந்திருக்கும்; அவை வினையூக்கியின் பரப்பை அடைத்துக்கொள்ளும். தங்கத்தின் விலையோ சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ரஜன் எடுப்பது இதைவிடக் கடினம். 2021இல் ஜப்பானிய ஆய்வாளர் டோமெனின் குழு 100 சதுர மீட்டர் தகடுகளை வெட்டவெளியில் பரப்பித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது. சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 0.76 விழுக்காடுதான் ஹைட்ரஜனாக மாறியது. ஆகவே, புதிய வினையூக்கி என்று செய்தி வரும்போதெல்லாம், தாவிய எலெக்ட்ரான் யாருக்குப் போனது, துளைக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் மேலே படிக்கலாம்.